நிலவில் இறங்கிய நேரம், பஹ்ரைன் கடிகாரப்படி

துபாயில் நான் வேலை பார்த்த ஆங்கில நாளிதழில் சரிபார்ப்பு மேசையை எடுத்துவிட்டார்கள். இனி செய்தியாளரே தன் செய்தியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம். போன மாதம் பழைய சக ஊழியர் ஒருவர் போனில் பேசினார். "புதுசா வர்றவங்களுக்கு ஒரு குறிப்பு தயார் பண்றோம் சார். எதையெல்லாம் சந்தேகப்படணும்னு ஒரு பட்டியல் எழுதிக் குடுங்க" என்றார். உட்கார்ந்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை. சந்தேகப்படுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு வாரத்தில் யாருக்கும் வந்துவிடும். என் சந்தேகம் எல்லாப் படிகளையும் முறையாக ஏறிப்போய் ஒரு தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு வந்த கதை ஒன்று இருக்கிறது. பட்டியலுக்குப் பதில் அதை எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு தமிழ் நாளிதழில் ஆறு வருடம் மெய்ப்புப் பார்த்தேன். அங்கே கற்றது அதிகமில்லை. ஒருமுறை மரண அறிவிப்பில் இறந்தவரின் வயதை மூன்று வருடம் கூட்டிப் போட்டுவிட்டோம். அவர் மனைவி காரியம் முடிந்த மறுநாள் அலுவலகத்துக்கே வந்து நின்றார். எண் என்பது யாரோ ஒருவருடையது என்று அன்று புரிந்தது. பிறகு துபாய். ஆங்கிலப் பத்திரிகை, சரிபார்ப்பு மேசை, மூன்று நாற்காலி. அதில் ஒன்று குணரத்தினம் சாருடையது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மேசைக்குத் தலைவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்தின் அச்சுப் படியை மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எண்ணுக்கும் தேதிக்கும் மேலே பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். ஒரு புள்ளி என்றால் ஓர் ஆதாரம் பார்த்தாயிற்று. இரண்டு புள்ளி என்றால் அதோடு தொடர்பில்லாத இன்னோர் ஆதாரமும் பார்த்தாயிற்று. இரண்டு புள்ளி இல்லாத எதுவும் அச்சுக்குப் போகாது. கடைசியில் வலது மூலையில் எங்கள் கையெழுத்து. பிழை வந்தால் அந்தப் படியைக் கோப்பிலிருந்து எடுத்து, எந்தச் சொல்லின் மேல் யார் புள்ளி வைத்தது என்று பார்ப்பார். திட்டமாட்டார். "உது ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்பார்.

2009 ஜூலை. மனிதன் நிலவில் இறங்கி நாற்பது ஆண்டு. எட்டுப் பக்க இணைப்பு ஒன்று போட முடிவானது. இணைப்புகள் பகல் நேர வேலை. காலை பத்து மணிக்கு மேசையில் படிகள் வந்துவிடும்.

எல்லாருக்கும் தெரிந்ததாகத் தோன்றும் விஷயத்தில்தான் பிழை அதிகம் என்பது அந்த வாரம் தெரிந்தது. மூன்று பேர் போனார்கள், மூவரும் நிலவில் நடந்தார்கள் என்று ஒரு கட்டுரை. நடந்தது இருவர், மூன்றாமவர் தாய்க்கலத்தில் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகப்புப் படத்துக்குக் கீழே "நிலவில் முதல் மனிதர்" என்று எழுதி வந்தது. அந்தப் படத்தில் இருப்பவர் இரண்டாமவர். முதலாமவர் கையில் கேமரா இருந்ததால், அந்தப் பயணத்தின் நல்ல படங்கள் எல்லாவற்றிலும் இருப்பது கிட்டத்தட்ட இரண்டாமவர்தான். நாற்பது வருடமாக உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இந்தத் தவற்றைச் செய்துகொண்டிருந்தன. மனிதன் நிலவை முதன்முதலாகச் சுற்றிவந்தது அதற்கு முந்தைய டிசம்பரில், இறங்காமலே திரும்பிய இன்னொரு பயணத்தில். அதையும் இதையும் ஒன்றாகக் கலந்த பத்தி ஒன்றை முழுதாக வெட்டினோம். இணையத்தில் அப்போது, இறங்கியதே பொய், எல்லாம் ஸ்டுடியோ என்று மின்னஞ்சல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. குணரத்தினம் சாருக்கு அவற்றின்மேல் கோபம் இல்லை. "அவை பொய் சொல்லுகினம், அது லேசு. உண்மையை நம்புறவன்தான், ஐசே, கூடப் பிழை விடுறான்" என்றார்.

அவர் சொன்னது வாசகர் கடிதங்களில் நிரூபணமானது. "அந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்தியர்களுடையவை. சென்னையில் பக்கத்து வீட்டு டிவியில் நேரலையாகப் பார்த்தோம் என்றார் ஒருவர். கோயம்புத்தூரில் பள்ளிக்கூடமே டிவி முன்னால் உட்கார்ந்தது என்றார் இன்னொருவர். 1969-இல் இந்தியாவில் டெல்லியைத் தவிர எங்கும் டிவி இல்லை. சென்னைக்கு வந்ததே 1975-இல். இவர்கள் பார்த்தது சில வாரம் கழித்துத் திரையரங்கில், படத்துக்கு முன்னால் ஓடிய செய்திப்படமாக இருக்கவேண்டும். யாரும் பொய் சொல்லவில்லை. பிற்பாடு பார்த்த படத்தை ஞாபகம் பழைய காலையில் கொண்டுபோய் ஒட்டிவிட்டது.

இந்த விசித்திரத்தையே ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். "நினைவில் மட்டும் நடந்தவை" என்று தலைப்பும் கொடுத்தேன். யாருடைய பெயரும் வேண்டாம் என்று முடிவானது.

அப்போது ராஸ் அல் கைமாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு சிமெண்ட் ஆலையில் வருகைக் கணக்கு எழுதும் டைம்கீப்பர், மலையாளி, தன் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் வேலை செய்யும் கருப்பையா என்பவருக்காக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கருப்பையா பரமக்குடிப் பக்கத்து ஆள். வயது அறுபத்தொன்று. விசா முடிந்து அந்த மாதக் கடைசியில் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். 1969-இல் பஹ்ரைனில், புதிதாகக் கட்டிய செயற்கைக்கோள் தரைநிலையத்தில் ஒப்பந்தக்காரரின் மெஸ் உதவியாளாக இருந்தார். கட்டுப்பாட்டு அறைக்குத் தேநீர் கொண்டுபோனபோது, அங்கிருந்த சின்ன டிவியில் மனிதன் நிலவில் கால்வைப்பதை நேரலையாகப் பார்த்தார். இவ்வளவுதான் கடிதம்.

படித்ததும் எனக்கு வந்தது சந்தேகம்தான். ஆனால் இது சென்னை டிவி மாதிரி ஒரே அடியில் விழவில்லை. வளைகுடாவில் அந்த வகை நிலையம் முதலில் வந்தது பஹ்ரைனில். வந்ததும் அந்த ஜூலையில்தான். இரண்டு புள்ளி வைக்க முடிந்தது. கருப்பையாவைப் போனில் கூப்பிட்டேன்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன் அண்ணே. அன்னைக்கு என்ன பார்த்தீங்க?"

"படம் தலைகீழா வந்துச்சு சார் மொதல்ல. மேல இருக்கது கீழ, கீழ இருக்கது மேல. அங்கிட்டு இருந்த வெள்ளைக்கார இஞ்சினியரு எவனோ வயர மாத்திக் குடுத்துட்டாண்டு கத்துறாரு. கத்தி முடிக்கல, தன்னால நேராயிருச்சு. அப்புறம் ஒரு காலு. சாம்பல்ல வைக்கிற மாதிரி வச்சான்."

அது உண்மை. நிலவிலிருந்து வந்த முதல் சில நொடிப் படம் தலைகீழாகத்தான் வந்தது. ஆனால் அது பத்திரிகைகளில் பலமுறை வந்த விவரம். யாரோ படித்துச் சொல்லியிருக்கலாம்.

"அப்ப மணி எத்தனை?"

"ஏழுக்குக் கொஞ்சம் முன்ன. நல்லா ஞாபகம் இருக்கு. ஏழு மணிக்கு டூட்டி சைரன். அது ஊதுறதுக்குள்ள மெஸ்ஸுக்கு ஓடியாரணும், இல்லாட்டி போர்மேன் தொலைச்சிருவான்."

"ஆறு மணி இல்லையே?"

"ஏழு சார். ஆறு மணிக்கு நான் மாவு பெசஞ்சுக்கிட்டு இருப்பேன்."

சற்று நிறுத்தி அவரே பேசினார். "சார், இத அப்பவே ஊருக்கு லெட்டர்ல எழுதுனேன். பெரிய தப்புண்டு இப்பத் தெரியுது. ஊரே சிரிச்சுச்சு. புளுகண்டு பேரு வச்சுட்டாய்ங்க. நான் இங்ஙன இருந்தேன், எனக்கென்ன. எம்மகன் பள்ளிக்கூடத்துல புளுகன் மகனாத்தான் படிச்சான். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன எடத்துலயும் அதுதான். அவன் எங்கிட்ட சரியாப் பேசியே பல வருசமாச்சு. இப்பப் போனா மிச்ச காலத்துக்கும் நான் அதே பேர்லதான இருக்கணும்? உங்க பேப்பர்ல ஒரு வரி போட்டா எடுத்துக்கிட்டுப் போவேன்."

பரிதாபமாக இருந்தது. பரிதாபம் வரும் இடத்தில் இன்னும் உன்னிப்பாகப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் மேசையின் பழக்கம்.

முதல் அடி வைக்கப்பட்டது கிரீன்விச் நேரப்படி அதிகாலை இரண்டு ஐம்பத்தாறு. துபாய் நான்கு மணி நேரம் முன்னால்: ஆறு ஐம்பத்தாறு. பஹ்ரைன் மூன்று மணி நேரம்தான் முன்னால்: ஐந்து ஐம்பத்தாறு. கருப்பையா சொல்வது ஏழுக்குச் சற்று முன். ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறது. வெறும் மறதி என்று விடவும் முடியாது. சைரனோடு கட்டிவைத்துச் சொல்கிறார். ஆனால் அவர் சொன்ன நேரம் துபாய், ராஸ் அல் கைமா நேரத்தோடு நிமிடக் கணக்கில் பொருந்துகிறது.

தாளில் எழுதி குணரத்தினம் சாரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"அப்ப உந்தக் கதை பஹ்ரைனிலை நடக்கேல்லை. இஞ்ச வந்தாப் பிறகு, இஞ்சத்தை மணிக்கூட்டைப் பாத்துச் செய்தது" என்றார்.

"அப்படித்தான் சார் தோணுது."

"தோணுறதோ, தெரியுமோ?"

"தெரியும் சார்."

உலக நேரப் பட்டியல் ஒன்று, பஹ்ரைன் விமான நிலையத்தின் இணையதளம் ஒன்று. இரண்டு ஆதாரம். இரண்டு புள்ளியும் நானே வைத்தேன். பெட்டிச் செய்தியின் கடைசிப் பத்தியையும் நானே எழுதினேன். ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலை ஒன்றின் மெஸ் ஊழியர் பஹ்ரைனில் நேரலையாகப் பார்த்ததாகச் சொல்கிறார், ஆனால் அவர் சொல்லும் நேரம் பஹ்ரைன் நேரமல்ல, கதை எங்கே பிறந்தது என்பதைக் கடிகாரமே காட்டிக்கொடுக்கிறது என்று. அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆசிரியர் குழுவில் இரண்டு பேர் பாராட்டினார்கள்.

இணைப்பு வெளியான நான்காம் நாள் பஹ்ரைனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மனாமாவில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அரபிப் பெரியவர், நான்கே வரி எழுதியிருந்தார். உங்கள் பெட்டியில் பிழை இருக்கிறது. 1972 வரை எங்கள் கடிகாரமும் கிரீன்விச்சுக்கு நான்கு மணி நேரம் முன்னால்தான் ஓடியது. அதன் பிறகுதான் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அந்த மனிதர் சொன்ன நேரம் சரி.

நான் அதையும் சந்தேகப்பட்டேன். இரண்டாவது ஆதாரம் வேண்டும். மதியம் அப்ரா படகில் ஏறி அக்கரையில் இருக்கும் தேராவுக்குப் போனேன். அங்கே நாற்பது வருடமாக விமான டிக்கெட் விற்கும் கீழக்கரைக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். பழைய கால அட்டவணைப் புத்தகங்களைத் தூக்கிப் போடாதவர். 1970-ஆம் வருடத்துப் புத்தகம் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கித் தூசியைத் தட்டினார். பின்பக்கத்தில் ஊர்களும் நேர வித்தியாசமும் போட்ட பட்டியல். பஹ்ரைன்: கூட்டல் நான்கு.

"என்ன தம்பி, மொகம் சுண்டிப்போச்சு?" என்றார்.

"ஒருத்தரைப் பொய்யன்னு போட்டுட்டேன் பாய்."

"அவருக்குத் தெரியுமா?"

அங்கிருந்தே கேம்ப் டைம்கீப்பருக்குப் போன் செய்தேன். பெயர் போடாவிட்டாலும் அந்த ஆலையில் பஹ்ரைன் கதை சொல்கிற மெஸ் ஊழியர் ஒருவர்தான். யாரோ பெட்டிச் செய்தியை வெட்டி மெஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பரமக்குடிப் பக்கத்துப் பையன்கள் இருவர் அதைப் படம் பிடித்து ஊருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

உலக நேரப் பட்டியலும் விமான நிலையத் தளமும் இரண்டு ஆதாரம் அல்ல. இரண்டும் இன்றைய நேரத்தைச் சொல்பவை. அது ஒரே ஆதாரம், இரண்டு தடவை. 1969-ஐ 2009-இன் கடிகாரத்தில் விசாரித்திருந்தேன். குணரத்தினம் சாரிடம் சொன்னேன். கோப்பிலிருந்து படியை எடுத்தார். 'பஹ்ரைன் நேரம்' என்ற சொற்களின் மேல் என்னுடைய இரண்டு புள்ளிகள். கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அவர் படியை மடித்து வைத்துவிட்டு, "நானும் பாத்தனான்" என்றார்.

மறுநாள் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் வந்தது. ஆனால் விதி ஒன்று இருந்தது: மூலச் செய்தியில் இல்லாத பெயர் திருத்தத்தில் வரக்கூடாது. ஆகவே "ஒரு வாசகர்" என்றுதான் இருந்தது. அவர் ஊரில் அதைக் காட்டினால், அந்த வாசகர் நீதான் என்று யார் நம்புவது? குணரத்தினம் சார் ஆசிரியரைப் போய்ப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து வந்து, பத்திரிகையின் கடிதத்தாளை எடுத்து வைத்து, "தமிழிலை எழுதும். ஆளின்ரை பேர், தகப்பன் பேர், ஊர் எல்லாம் போடும். நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷேர் டாக்ஸியில் ராஸ் அல் கைமா போனேன். ஆலைக்கு வெளியே கேம்ப். வாசலில் செருப்புகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அறையில் ஆறு கட்டில். கருப்பையா அட்டைப் பெட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த, நிமிர்ந்த ஆள். நான் இன்னாரென்று சொன்னதும் எழுந்திருக்கவில்லை.

கட்டிலில் படுத்திருந்த ஒருவன் சொன்னான், "நிலா அண்ணே, ஒங்களப் பாக்க பேப்பர்லருந்து ஆளு. மேல நாயர் டீக்கடை இருந்துச்சாண்டு கேக்க வந்துருப்பாரு."

"இருந்துச்சுடா. ஒன் பேர்ல பாக்கி வேற இருந்துச்சு" என்றார் கருப்பையா திரும்பாமலே. பிறகு என்னிடம், "நீங்கதான் அந்த சார்ங்கிறதுக்கு என்ன அத்தாட்சி? கார்டு இருக்கா?" என்றார்.

அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டைம்கீப்பரைக் கூப்பிட்டு ஆங்கில எழுத்தைப் படிக்கச் சொன்னார். பிறகுதான் உட்காரச் சொன்னார்.

நடந்ததைச் சொன்னேன். கடிகாரத்தை எழுபத்திரண்டில் மாற்றியது, நான் அதைப் பார்க்காமல் விட்டது, திருத்தம், கடிதம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நான் சொன்ன மணி சரி."

"சரி."

"ஒங்க மணி தப்பு."

"தப்பு."

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கருப்பையா கடிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"ஊர்ல இத நம்புவாய்ங்கண்டு நினைக்கிறீகளா சார்? மொதல்ல புளுகண்டு போட்டதும் இதே பேப்பரு. இப்ப இல்லைங்கிறதும் இதே பேப்பரு. எதை நம்ப?"

அவர் கயிற்று முடிச்சை இறுக்கினார். பிறகு தன் போனை எடுத்தார்.

"ஊர விடுங்க. எம்மகன் கேக்கட்டும். நீங்களே படிங்க."

மகன் பெயர் முருகேசன், பரமக்குடியில் ஒரு மின்சாமான் கடையில் வேலை. போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டில்மேல் வைத்தார். நான் யாரென்று சொல்லிவிட்டு முழுக் கடிதத்தையும் வாசித்தேன். "இன்னாருடைய மகன் கருப்பையா 1969-ஆம் ஆண்டு பஹ்ரைனில் பார்த்ததாகச் சொன்ன நேரம் சரியானது. அதைப் பொய் என்று எழுதியது எங்கள் பிழை." முடித்ததும் முருகேசன் கேட்டான்:

"இப்படிப் படிக்கச் சொல்லி எங்கப்பா ஒங்களுக்கு என்ன குடுத்தாரு?"

கருப்பையா போனைப் பார்த்தபடி சிரித்தார். "பாத்தீகளா? எனக்குப் பொறந்தவன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "தம்பி, என்னை நம்ப வேண்டாம். பேப்பரோட வெப்சைட்ல ஆபீஸ் நம்பர் இருக்கும், நான் சொல்ற நம்பர் வேண்டாம், நீங்களே தேடி எடுங்க. நாளைக்குப் பகல்ல கூப்பிட்டு குணரத்தினம்னு கேளுங்க. நான் பேசமாட்டேன்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். கருப்பையா கடிதத்தை வாங்கி, படிக்காமல், பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். புதன்கிழமை திருச்சிக்கு விமானம் என்று சொன்னார், டிக்கெட்டையும் காட்டினார்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. குணரத்தினம் சார் எடுத்தார். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன்.

"ஓம், நான்தான்... ஓம், கையெழுத்து என்ரைதான்... இல்லைத் தம்பி, ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை." நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "கடியாரம் மாத்தினது ஆர் சொன்னதெண்டோ? நல்ல கேள்வி. எழுதும்." பஹ்ரைன் பெரியவரைப் பற்றிச் சொன்னார். தேராவில் இருக்கும் அட்டவணைப் புத்தகத்தின் ஆண்டையும் பக்கத்தையும் சொன்னார். அவன் எழுதிக்கொள்ளும் வரை காத்திருந்தார். "உங்கட அப்பா சொன்னது சரி. பிழை விட்டது நாங்கள்" என்றார்.

மறுமுனையில் கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

"உம்மட்டைக் கேக்கிறான்."

வாங்கினேன். முருகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சார், அப்பா டிக்கெட்டைப் பாத்திருப்பீங்கள்ல. புதன்கிழமை பிளைட்டு திருச்சிக்கு எத்தன மணிக்கு வரும்? அவருகிட்டக் கேட்டா, நீ எதுக்கு வர்ற, நான் பஸ்ல வந்துக்கிறேம்பாரு."

காலை ஒன்பது நாற்பது என்றேன்.

"அது இந்திய நேரமா, துபாய் நேரமா?"

"இந்திய நேரம்."

"நிச்சயமா?"

கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, விமான நிறுவனத்துக்கு இன்னொரு தொலைபேசியில் போன் செய்து கேட்டு, அதன் பிறகு நிச்சயம் என்று சொன்னேன்.